இரண்டெழுத்துத் திருத்தம்

செப்டம்பர் 20, சனி

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சுண்டெலியின் வாயைத் திறந்து பார்த்தேன். தூக்கத்தில் அவள் உதடு எப்போதும் கொஞ்சம் பிளந்துதான் இருக்கும். விரல் நுனியால் கீழுதட்டை இழுத்தால் போதும். பல் இருக்கிறது, ஒரு நூலில் தொங்குகிறது. வகுப்பில் எல்லோருக்கும் விழுந்தாயிற்று, இவளுக்குத்தான் தாமதம்.

நாளைக்கு அவள் அப்பா வருகிறார். அதற்குள் விழுந்துவிட வேண்டும் என்று மூன்று நாளாக எனக்கு ஒரு அற்பப் புத்தி. இந்தப் பல் முளைத்ததை நான்தான் கண்டுபிடித்தேன். கஞ்சி ஊட்டும்போது ஸ்பூனில் 'டிக்' என்றது. அப்போது இவள் அம்மா, என் தங்கை, இறந்துபோய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. முளைத்ததைப் பார்த்தவள் விழுவதையும் பார்க்க ஆசைப்படுவது தப்பா?

இவர் லிஃப்ட் ரிப்பேருக்குக் கிளம்பும்போது, "பல்லு போன எலிய எந்தப் பூனை மதிக்கும்?" என்று சீண்டினார். "பூனைக்கு மட்டும் பல்லு விழாதா பெரிப்பா?" என்றாள். டூல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பல் அவர் கையில்தான் விழுந்தது.

மாப்பிள்ளை வந்து பத்து நிமிடம் ஆகியிருக்காது. அப்பா கொடுத்த பிஸ்கட்டைக் கடித்தாள், வந்துவிட்டது. துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தங்கை போய் ஆறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவருக்கு வேறு கல்யாணமும் ஆகி எட்டு மாதம். ஆனாலும் எனக்கு 'மாப்பிள்ளை' என்றுதான் வாயில் வருகிறது.

நாளைக்குக் கொலு. லிஃப்ட் சாமான் வந்த மரப்பெட்டிப் பலகைகளை வைத்து வருஷா வருஷம் இவர் ஐந்து படி கட்டுவார். இந்தத் தடவை மாப்பிள்ளையும் கூட உட்கார்ந்தார். மூன்றாவது படியை முடுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "தீபாவளி முடிஞ்சதும் அவளைக் கூட்டிட்டுப் போயிடலாம்னு இருக்கேன்க்கா. அங்க ஸ்கூல்லயும் பேசிட்டேன்."

இவர் கை நின்றுவிட்டது. என் கை நிற்கவில்லை, பொம்மை சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டே இருந்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் செஞ்சதுக்கு நான்..." என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார்.

"அந்த ஸ்பேனரைக் குடுங்க, இந்தப் பக்கம் ஆடுது" என்றேன்.

இந்த நாள் வரும் என்று எனக்குத் தெரியாதா? முதல் நாளே தெரியும். ஒரு மாதம்கூடத் தவறாமல், வேலை எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், வந்து பார்த்துவிட்டுப் போன மனுஷன். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

செப்டம்பர் 22, திங்கள்

கடைசிப் படி எப்போதும் சுண்டெலியுடையது. களிமண்ணில் எங்கள் வீட்டைச் செய்திருக்கிறாள். இரண்டு பக்கமும் இட்லித்தட்டு மாதிரி காது வைத்த பொம்மை நானாம். காது பரிசோதிக்கிறவள் என்றால் பெரிய காது வேண்டாமா என்று கேட்கிறாள். பெரிப்பா ஒரு தீப்பெட்டிக்குள் நிற்கிறார், அது லிஃப்ட். எனக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை மட்டும் காலியாக இருந்தது.

"இது யாருக்கு?"

"அம்மாவுக்கு. அம்மாதான் போட்டோல இருக்காங்களே, அதான் இடம் மட்டும் விட்டிருக்கேன்."

அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 27, சனி

என்னுடன் கிளினிக்குக்கு வந்தாள். மத்தியானம் ஆள் இல்லை. ஒரு நாளாவது கண்ணாடி அறைக்குள் உட்கார வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சரி, ஏறு என்றேன். ஹெட்ஃபோன் இரண்டு காதையும் கன்னத்தில் பாதியையும் மூடிவிட்டது.

முதலில் 'பீப்' சத்தம், கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். அழகாக அழுத்தினாள். பெரியவர்கள் பலர் சத்தம் வராமலே அழுத்துவார்கள். வரும் வரும் என்று காத்திருக்கிற காதுக்கு, வராததும் கேட்கும். இவள் அப்படியில்லை, வந்தால்தான் அழுத்தினாள்.

அடுத்தது சொற்பட்டியல். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் வாயை மறைத்துக்கொண்டு மைக்கில் ஒவ்வொரு சொல்லாகச் சொல்வேன். உள்ளே இருப்பவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியென்றால் டிக், இல்லையென்றால் பெருக்கல் குறி. இருபது சொற்கள். பதினேழு வருடமாக அதே இருபது. முதல் சொல் 'அம்மா'.

"அம்மா" என்றேன்.

"பெரிம்மா" என்றாள்.

கை பழக்கம், பெருக்கல் குறி போட்டுவிட்டேன். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். தப்பாகக் கேட்டவள் முகம் இல்லை அது. திருத்தியவள் முகம். என்னையே எனக்குத் திருத்திக் கொடுத்துவிட்டு, பொக்கை வாய் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான்தானே பழக்கினேன். பேச ஆரம்பித்தபோது எல்லாக் குழந்தையும் போல இவளுக்கும் அந்த ஒரு சொல்தான் வந்தது. தட்டைப் பார்த்து, மின்விசிறியைப் பார்த்து, என்னைப் பார்த்து. என்னைப் பார்த்துச் சொன்னபோதெல்லாம் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டோ முன்னால் நின்றேன். "அது அம்மா. நான் பெரி-ம்மா. எங்க, சொல்லு. பெ-ரி." ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இருக்கும். தங்கையிடமிருந்து அதையும் பிடுங்கிக்கொண்டால் அவளுக்கு என்ன மிச்சம் என்று நினைத்தேன். இவர்கூட ஒரு நாள், "கூப்பிட்டா கூப்பிட்டுட்டுப் போகட்டுமே, எதுக்குக் குழந்தையப் போட்டு இப்படி" என்றார். நான் விடவில்லை. மூன்று மாதத்தில் இரண்டெழுத்தைச் சேர்த்துவிட்டேன்.

ஒரு நாளைக்கு எட்டுப் பேர், பத்துப் பேர் முன்பின் தெரியாதவர்கள் என் முகத்தைப் பார்த்து 'அம்மா' என்கிறார்கள். டிக் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகிறேன்.

அக்டோபர் 2, வியாழன்

கொலு முடிந்தது. எடுத்து வைப்பதற்கு முன் ஒரு பொம்மையைப் படுக்க வைக்கிற முறையை இந்த வருடம் அவளையே செய்யச் சொன்னேன். காது பொம்மையைப் படுக்க வைத்துக் கைக்குட்டையால் போர்த்தினாள். "இதுதான் நாள் பூரா நின்னுச்சு, இதுக்குத்தான் கால் வலிக்கும்" என்றாள்.

அதன் பிறகு சொன்னேன். தீபாவளி முடிந்து அப்பாவோடு போக வேண்டும் என்று. "எத்தனை நாள்?" என்றாள். நான் பொம்மைமேல் கைக்குட்டையைச் சரிசெய்தேன். இவர்தான் சொன்னார்.

அழவில்லை. "பெரிம்மான்னா அம்மாவ விடப் பெரிசா?" என்று கேட்டாள். வயதில் என்றேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. விடிவதற்கு முன் எழுப்பி, எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினேன். தலையில் எண்ணெய் வைக்கும்போது என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குவாள். இந்த வருடமும் தூங்கினாள். கழுத்துக்குப் பின்னால் முடிச்சுழி ஒன்று இருக்கிறது. அதில் எண்ணெய் தங்கும். இரண்டாவது தடவை தேய்த்தேன். அவசியமே இல்லை.

இந்த நாளை மெதுவாக நடத்த வேண்டும் என்று பார்க்கிறேன், எனக்கு மட்டும் ஓடுகிறது.

நான் எடுத்த பாவாடை கணுக்காலுக்கு மேலே நின்றது. பார்சலில் வந்த கவுன், மாப்பிள்ளையின் மனைவி தைத்து அனுப்பியது, அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. தினமும் பார்க்கிற எனக்குத் தெரியாதது, இரண்டே தடவை பார்த்த அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது? இவர் முழித்த முழியில் புரிந்துவிட்டது. போன வாரம் போனில் கேட்டாளாம், இவர் யூனிஃபார்மை டேப் வைத்து அளந்து சொன்னாராம். "உன்கிட்ட கேக்க அவளுக்குப் பயம்" என்றார். நான் எடுத்தது போன வருடத்துச் சுண்டெலிக்கு. கடையில் நின்றபோது என் மனதில் அந்த உயரம்தான் இருந்தது.

வெடிச்சத்தம் இவளுக்கு ஆகாது. கிளினிக்கிலிருந்து நுரைக் காதடைப்பான் கொண்டுவந்திருந்தேன். இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு, மொட்டைமாடியில் வானம் பூராவும் வெடிப்பதைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். "பெரிம்மா, பூ பூக்கற மாதிரி இருக்கு" என்று, காது அடைத்திருந்ததால், ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். பக்கத்து மாடியில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அக்டோபர் 25, சனி

போய்விட்டாள். ரயிலில் ஆறு மணி நேரம்.

மாப்பிள்ளையும் அந்தப் பெண்ணும் வந்திருந்தார்கள். சின்னப் பெண்தான், முப்பது இருக்கும். மூச்சுக்கு மூச்சு 'அக்கா'. சுண்டெலி எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பாள் என்றுகூடக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். நான் சொன்னேன். ஒன்றிரண்டைச் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

இதை எழுதிவிட வேண்டும். ரயில் கிளம்பப் போகிறது. சுண்டெலி உள்ளே சீட்டுக்கு நடுவில் நிற்கிறாள். மாப்பிள்ளை, "ஜன்னல் பக்கம் போய் அம்மாகிட்ட உக்காரு" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், வேண்டுமென்று இல்லை. அந்தப் பெண் நகர்ந்து இடம் விட்டாள். இவள் உட்காரவில்லை. திரும்பி, ஜன்னல் கம்பி வழியாக, என் முகத்தைப் பார்த்தாள்.

எதற்குப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணை அப்படிச் சொல்லலாமா, கூடாதா? ஆறு வருடமாகத் திருத்தியவள் நான்தானே.

நான் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன். மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவள் மாதிரி.

அக்டோபர் 28, செவ்வாய்

மாடிப்படியில் இரண்டு தடவை அவள் செருப்புச் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். வராத சத்தத்துக்குப் பட்டனை அழுத்துகிறவர்கள்மேல் இனி எரிந்து விழக் கூடாது.

நவம்பர் 9, ஞாயிறு

போனில் பேசினாள். பள்ளிக்கூடத்தில் நீச்சல் குளம் இருக்கிறதாம், ஆனால் தண்ணீர் இல்லையாம். "அவங்க எனக்குப் பின்னல் போட்டாங்க." அவங்க என்றால் யார் என்று நான் கேட்கவில்லை.

பிறகு அந்தப் பெண் வாங்கிப் பேசினாள். குரல் இறங்கியிருந்தது. "அக்கா, அவ என்னை எதுவுமே கூப்பிட மாட்டேங்கறாக்கா. ஏதாவது வேணும்னா பக்கத்துல வந்து நிக்கறா, இல்லன்னா புடவையப் பிடிச்சு இழுக்கறா. அம்மான்னே கூப்பிடணும்னு இல்லக்கா. சித்தி, ஆன்ட்டி, என்ன வேணா சொல்லட்டும். ஏதாவது ஒண்ணு."

"பழகிடும்" என்றேன்.

போனை வைத்த பிறகு எனக்குள் ஏதோ இனித்தது. அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டுக்கு அர்த்தமே இல்லை. இனித்தது.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை. மாடிப்படி விளக்கு வரிசை சுண்டெலியின் பொறுப்பு, மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வைப்பாள். நான் வாசலோடு நிறுத்திக்கொண்டேன். வேலையிலிருந்து வந்தவர் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் படிக்கு ஒரு விளக்காக வைத்துவிட்டு வந்தார். சட்டைக் கையெல்லாம் எண்ணெய். லிஃப்டில் ஏறி இறங்கியே பிழைக்கிறவர், நான்கு மாடியும் நடந்திருக்கிறார்.

டிசம்பர் 11, வியாழன்



காலையில் அந்தப் பெண் போன் செய்தாள். சுண்டெலியின் தலையணை உறையில் கறை இருந்ததாம். இடது காதில் சீழ். டாக்டரிடம் கொண்டுபோய், மருந்து போட்டு, இப்போது வலி இல்லை. செவிப்பறையில் சின்ன ஓட்டை, ஆறிவிடும் என்றாராம். ஆனால் நான்கு நாளாக வலித்திருக்கிறது. நான்கு நாள்! குழந்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஏன் கண்ணு சொல்லல, பக்கத்து ரூம்லதானே இருந்தேன், ஒரு குரல் கொடுத்திருந்தா ஓடி வந்திருப்பேனேன்னு கேட்டேன்க்கா. அதுக்கு..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை, அழுதுவிட்டாள். மூக்கைச் சிந்திவிட்டு வந்து சொன்னாள். "'என்னன்னு கூப்பிடறதுன்னு தெரியல'ன்னு சொல்றாக்கா."

நான் என்ன செய்துவைத்திருக்கிறேன்? வலிக்குது என்று கத்தக்கூட ஒரு சொல் வேண்டுமே. அதைப் பூட்டி என் கையில் வைத்துக்கொண்டு, ஊர் காதையெல்லாம் சோதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் குழந்தைக்கு — என் தங்கை குழந்தைக்கு — காது வலி, அது எனக்குத் தெரியாது.

காது கேட்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடச் சொன்னாராம் டாக்டர். "உங்ககிட்டயே கூட்டிட்டு வரவாக்கா?" என்று கேட்டாள். கேட்க வேண்டுமா?

டிசம்பர் 13, சனி

வந்திருக்கிறார்கள், அவளும் அந்தப் பெண்ணும். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. சுண்டெலி ஒரு பிடி இளைத்திருக்கிறாள். விழுந்த இடத்தில் புதுப்பல் ரம்பம் மாதிரி எட்டிப் பார்க்கிறது. இந்தத் தடவை முளைத்ததை முதலில் யார் பார்த்திருப்பார்கள்?

மாப்பிள்ளை போனில் சொன்னது: "அவளுக்கு இங்க ஒட்டலையோன்னு தோணுதுக்கா. பிடிவாதமா வெச்சிருந்து அவ மனசக் கெடுத்துடக் கூடாது. உங்ககிட்டயே இருக்கட்டும்னு நீங்க சொன்னா, நான் மறுக்க மாட்டேன். நாளைக்குச் சொல்லுங்க."

ஸ்பீக்கரில் இவரும் கேட்டார். உடனே பரணிலிருந்து அவளுடைய பழைய மெத்தையை இறக்கி வெயிலில் போட்டுவிட்டார்.

மத்தியானம் கிளினிக்கில் வைத்துப் பார்த்தேன். அந்தப் பெண் வெளியே வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தாள். 'பீப்' எல்லாம் சுண்டெலி ஒழுங்காகப் பிடித்தாள், இடது பக்கம் கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். பிறகு பட்டியல். வாயை மறைத்துக்கொண்டேன்.

"அம்மா."

பதில் இல்லை. ஒலியைக் கூட்டி மறுபடி சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உதடு மட்டும் கொஞ்சம் பிளந்து, மூடிக்கொண்டது. அடுத்த பத்தொன்பதும் மளமளவென்று வந்தன. கதவு, பழம், மாடு, ஜன்னல், எல்லாம். பத்தொன்பது டிக். முதல் கட்டம் காலி.

உள்ளே போய் ஹெட்ஃபோனைக் கழற்றினேன். "முதல் வார்த்தை கேக்கலையா தங்கம்?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா நீ தப்பு போடுவியே."

டிசம்பர் 14, ஞாயிறு

விடிந்து கொஞ்ச நேரம் ஆகிறது. அடுக்களை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். பழைய மெத்தையில் சுண்டெலி, கீழே தரையில் பாய் போட்டு அந்தப் பெண். இடது காது மேலே இருக்கிற மாதிரி, வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறாள். தூக்கத்திலும் ஒரு கை மேலே நீண்டு மெத்தை விளிம்பைப் பிடித்திருக்கிறது. சுண்டெலி புரண்டால் தெரிய வேண்டும் என்று இருக்கும். நானும் அப்படித்தான் பிடித்துக்கொண்டு படுப்பேன். அந்தத் தாளில் எழுதச் சொல்லாத ஒன்று இது. யாரும் சொல்லாமலே செய்கிறாள்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், சுண்டெலி இங்கேயே இருந்துவிடுவாள். மாப்பிள்ளை மறுக்க மாட்டார். இவர் சந்தோஷத்தில் குதிப்பார். அங்கே ஒட்டவில்லை என்பதும் பொய்யில்லை. ஒட்டாமல் இருக்கிற மாதிரி ஆறு வருடம் உட்கார்ந்து செய்தது நான் என்பது மட்டும்தான் யாருக்கும் தெரியாது.

தங்கைக்காக என்று சொல்லிக்கொண்டேன். அவளுக்காகத்தானா? போட்டோவில் இருப்பவள் எழுந்து வந்து கேட்க மாட்டாள் என்கிற தைரியத்தில், எனக்குக் கிடைக்காதது வேறு யாருக்கும் கிடைக்க வேண்டாம் என்று... தெரியவில்லை. கொலுவில் அந்தக் காலிப் பலகையை நான் பார்த்தேன். அழகாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். குழந்தை நாள் முழுக்க அதைச் சுமந்துகொண்டு திரிகிறாள் என்று தோன்றவில்லை.

அம்மா என்று ஒருத்தி இருந்தால்தானே பெரியம்மா. யார் அந்த இடத்தில் உட்கார்ந்தாலும் என் இரண்டெழுத்தை யாரும் எடுத்துவிட முடியாது. இது ஆறுதலா, கணக்கா? இரண்டுமாக இருக்கட்டும்.

ரயில் பதினொரு மணிக்கு. இன்று கிளினிக் விடுமுறை, சாவி என் பையில் இருக்கிறது. ஒன்பது மணிக்கு இன்னொரு தடவை சோதிக்க வேண்டும் என்று சொல்லி இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போவேன். கண்ணாடிக்கு வெளியே, என் நாற்காலியில் அந்தப் பெண்ணை உட்கார வைப்பேன். மைக்கைக் கையில் கொடுத்து, எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, பட்டியலை நீ படி என்பேன். முதல் சொல் என்ன என்று முன்கூட்டியே சொல்ல மாட்டேன். நான் உள்ளே போய்ச் சுண்டெலி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவேன். டிக் போடுகிற அட்டையும் பேனாவும் என் மடியில் இருக்கும், அவளுக்குத் தெரிகிற மாதிரி.

இரண்டு பேரையும் ரயிலில் ஏற்றிவிட்ட பிறகு மாப்பிள்ளைக்குப் போன் செய்யலாம். இவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. மெத்தையை வெயிலில் போட்டவர் முகத்தைப் பார்த்தால் சொல்ல வாய் வராது.

சொல் காதில் விழுந்ததும் சுண்டெலி திரும்பி என் முகத்தைத்தான் பார்ப்பாள். பார்க்கட்டும். கையில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் போகப் போகிறேன்.